சீட்டுக்கு ஒரு ஆள்

வெண்மதிக்கு இடுப்பு கழன்று தனியாக விழுந்துவிடும் போலிருந்தது. காலையிலிருந்து கரும்புக்குள் குனிந்து காய்ந்த இலைச் சோகை உரித்ததில், கழுத்துக்குக் கீழே எது எலும்பு, எது நரம்பு என்று தெரியாமல் எல்லாம் ஒன்றாக வலித்தது. அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் இறங்கியிருந்தாள். அப்படியும் சோகையின் ஓரம் மணிக்கட்டில் பிளேடு போட்ட மாதிரி கோடு கோடாகக் கிழித்திருந்தது. வேர்வை பட்டு அந்தக் கோடுகள் எரிந்தன.

கடலூரில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் முதல் வருஷம் முடித்தவள் அவள். லீவுக்கு வந்து கூலிக்கு இறங்கியிருக்கிறாள். மேல்பட்டாம்பாக்கத்தில் இதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. பக்கத்து வரிசையில் உரித்துக்கொண்டிருந்தவள் எம்.ஏ., பி.எட்.

"ஏண்டி நிமுந்து நிமுந்து நிக்கிற? கம்ப்யூட்டர் முன்னாடி நிக்கிற மாதிரி" என்றாள் அம்மா சவரியம்மாள்.

"அங்க கம்ப்யூட்டர் எங்கம்மா இருக்குது? எட்டு பேருக்கு ஒண்ணு. அதுக்கும் இன்ஸ்பெக்‌ஷன் வர அன்னிக்குத்தான் கரண்டு."

"சேத்துவுட்ட உங்க மாமன்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னன். கம்ப்யூட்டர் இல்லாமயே கம்ப்யூட்டர் படிக்கிறவன்தான் கெட்டிக்காரன்ங்கிறாரு."

சட்டைப் பையில் போன் நடுங்கியது. அழுக்குக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தாள். சிதம்பரத்தில் பி.எஸ்சி. அக்ரி சேர்க்கைக்குச் சான்றிதழ்களோடு வரச் சொல்லிச் செய்தி வந்திருந்தது.

யாருக்கும் சொல்லாமல் அவள் போட்ட விண்ணப்பம் அது. அதற்குக் காரணம் பொங்கல் லீவில் பார்த்த ஒரு ஜீப். அண்ணாகிராமத்திலிருந்து வந்த வேளாண்மை ஆபீசரம்மா வரப்பைத் தாண்டிக் காலை வைக்கவில்லை. டிரைவர் குடை பிடித்தார். "பூச்சி இருக்கா?" என்று அந்தம்மா கேட்டார். "இருக்குதுங்க" என்றாள் அம்மா, கரும்புக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி. "சரி" என்று எழுதிக்கொண்டார். ஜீப் போய்விட்டது. கரும்புக்குள் இறங்காமலே கரும்பைப் பற்றி எழுதுகிற வேலை ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் வெண்மதிக்கு உறைத்தது. பயிர் மேல் பாசம் கீசம் எதுவும் அவளுக்கு வரவில்லை. அந்தக் குடை வேண்டும், அவ்வளவுதான்.

அம்மாவிடம் சொன்னாள். அம்மாவுக்கு ஒரு சந்தேகம்.

"ஒரு காலேஜில படிச்சுகிட்டே இன்னொரு காலேஜிக்கு எழுதிப் போடலாமா?"

"இதுல இருந்துகிட்டுதாம்மா அதுக்குப் போடணும். இத விட்டுட்டு அது கெடைக்கலன்னா?"

"ஓ. நெல்லிக்குப்பம் பஸ்ஸுல ஒக்காந்துகிட்டே பண்ருட்டி பஸ்ஸுக்கு சன்னல் வழியா துண்டு போடற மாதிரி."

"அதேதான்."

"ரெண்டு பஸ்ஸுல எதுனா ஒண்ணு கெளம்புமா?" என்று கேட்டுவிட்டு அம்மா அடுத்த கரும்புக்குக் குனிந்தாள்.

மறுநாள் சிதம்பரத்தில், சேர்க்கை அறையில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் அவள் மார்க்கைப் பார்த்துத் தலையாட்டினார். ஜெராக்ஸைத் தள்ளி வைத்தார்.

"அசல் எங்கம்மா? டி.சி.?"

"காலேஜில இருக்குது சார்."

"ஸ்கூல்ல இருக்கும்."

"இல்ல சார். காலேஜில. நான் ஏற்கனவே இன்ஜினியரிங் படிக்கிறன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தாலி கட்டிக்கிட்டுப் பொண்ணு பாக்க வந்து ஒக்காந்திருக்கியா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வெண்மதியும் சிரித்து வைத்தாள்.

"தப்பில்லம்மா. நிறைய பேர் வராங்க. ஆனா அத அறுத்துட்டு வரணும். வெள்ளிக்கெழமைக்குள்ள டி.சி.யோட வந்தா சீட்டு உனக்கு. இல்லன்னா பின்னாடி நிக்கிற ஆளுக்கு."

பின்னால் நின்ற பையன் அப்போதே அவளை நெருக்கி ஒரு அடி முன்னால் வந்தான்.

கடலூர் கல்லூரியில் அட்மிஷன் மேனேஜர் ஸ்ரீதரின் அறைக்கு ஏ.சி. உண்டு. சேர்ந்த அன்றைக்கு அம்மாவை "வாங்கக்கா" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தவர். அதற்கப்புறம் வருஷம் முழுக்க ஆளைக் காணோம். இன்றைக்கும் மேசையில் அதே சாக்லேட் தட்டு இருந்தது.

"டி.சி.யா? தாராளமா வாங்கிக்கம்மா. உன் உரிமை. மீதி மூணு வருஷ ஃபீஸக் கட்டிட்டு வாங்கிக்க."

"படிக்காத வருஷத்துக்கா சார்?"

"உன் சீட்டு காலியா கெடக்குமில்ல?"

"கிளாஸ்ல பாதி பெஞ்சு காலியாத்தான சார் கெடக்குது."

ஸ்ரீதருக்குக் கோபமே வராது. அந்த வேலைக்கு அதுதான் படிப்பு. தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எடுத்துக்க. கஷ்டப்படுற குடும்பம், எனக்குத் தெரியாதா? இன்னொரு வழி சொல்றன். உனக்குப் பதிலா ஒரு ஆளக் கொண்டா. ஃபர்ஸ்ட் இயருக்கு. ஆளு கையெழுத்துப் போட்டதும் உன் டி.சி. உன் கையில."

"ஆளுன்னா?"

"ஆளுதாம்மா. ப்ளஸ் டூ பாஸாயிருந்தா போதும். உயிரோட இருக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தன் பகடிக்குத் தானே சிரித்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது தெரிந்த முகங்களை எல்லாம் நினைத்துப் பார்த்தாள். கீழத்தெருவில் இந்த வருஷம் பாஸான பெண்கள் உண்டு. யாரை நினைத்தாலும் அந்தப் பெண்ணின் அம்மா கையில் சோகை கிழித்த கோடுகளோடு வந்து நின்றாள். தலையை உதறிக்கொண்டாள். சேர்த்துவிட்டவர் மாமா. அவரே பிரித்துக் கொடுக்கட்டும்.

தாய்மாமன் சூசைராஜ் தொழிலால் புரோக்கர். மனை, பழைய பைக், கன்று போட்ட மாடு என்று எல்லாம் பார்ப்பார். ஜூன் வந்தால் கல்லூரிகளுக்குப் பிள்ளைகள். அவர் வீட்டுக் கூடத்தில் நிற்கிற டேபிள்டாப் கிரைண்டர், வெண்மதியைச் சேர்த்துவிட்டதற்குக் கல்லூரி கொடுத்தது. அந்த வீட்டில் மாவு ஆட்டும் சத்தம் கேட்டாலே அவளுக்குத் தன் தலை உருளுவது போலிருக்கும்.

மாமா ஆட்டுக்கொட்டகையில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கூரையில் வெண்மதி இருந்தாள். போன வருஷம் பஸ் நிறுத்தத்தில் அவளுக்காக வைத்த ஃப்ளெக்ஸ் அது. பட்டமளிப்பு அங்கியும் தொப்பியும் மாட்டி, எந்த நாட்டிலோ உள்ள கண்ணாடிக் கட்டடத்துக்கு முன்னால் அவளை நிறுத்தியிருந்தார்கள். "எங்கள் குலத்தின் முதல் இன்ஜினியரே!" என்று மேலே. கீழே "இவண்: தாய்மாமன்" என்று, காதில் செல்போனை வைத்துக்கொண்டு மாமாவின் படம். அது வெண்மதியைவிடப் பெரிது. சேர்ந்த மறுநாளே இன்ஜினியர் ஆகிவிட்டாள், மழைக்காலத்தில் ஆட்டுக்குக் கூரையும் ஆகிவிட்டாள்.

"உன் மூஞ்சிகிட்ட ஒழுவுது புள்ள. மாத்தணும். இந்த வருஷம் ஃப்ளெக்ஸ் வெக்க நம்ம சனத்துல ஆளே இல்ல, என்னா பண்றது?"

"மாமா, எனக்கு டி.சி. வேணும்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"அவுங்க என்னா என் மச்சானா, சொன்னதும் குடுக்க? ஆளக் கேட்டா ஆளக் குடு."

"யாரக் குடுக்கிறது?"

"எவனாவது மாட்டுவான்."

அந்த "எவனாவது" அவள் மண்டையில் சுருக்கென்று ஏறியது. தன்னைப் பிடித்துக் கொடுத்தபோதும் இப்படித்தான் ஸ்ரீதரிடம் சொல்லியிருப்பார்.

"ஏன், நம்ம இளவரசு இல்லையா?" என்றாள்.

குத்தலுக்காகத்தான் சொன்னாள். இளவரசு மாமாவின் ஒரே மகன். ப்ளஸ் டூ முடித்து, ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் சீட்டுக் கிடைத்து, காக்கித்துணி எடுத்துத் தைத்து, அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று போட்டோ எடுத்துத் தெருவில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டான். ஆனால் மாமா சிரிக்கவில்லை. கூரையை மறுபடியும் பார்த்தார்.

"ஐ.டி.ஐ.க்கு எவனாவது ஃப்ளெக்ஸ் வெப்பானா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் வெண்மதியின் வாய் நிற்கவில்லை. போன வருஷம் மாமா அம்மாவிடம் சொன்னதெல்லாம் ஒரு வார்த்தை குறையாமல் அவளிடமிருந்து வந்தது. பெரிய கேம்பஸ் மாமா. வைஃபை. பஸ்ஸு வீட்டு வாசலுக்கே வருது. கடைசி வருஷம் கம்பெனிக்காரன் காரில் வந்து கூட்டிக்கொண்டு போவான். சொல்லச் சொல்ல மாமாவின் முகம் மலர்ந்தது. அவரிடமிருந்து வாங்கிய சரக்கை அவருக்கே விற்றாள். தான் தினமும் விற்கிற சரக்கு என்பதுகூட அந்த மனுஷனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"அப்ப 'இன்ஜினியரின் தந்தை'ன்னு போடலாம்" என்றார்.

மறுநாள் விடிந்தபோது பஸ் நிறுத்தத்தில் இளவரசு தொங்கினான். அதே அங்கி, அதே தொப்பி, அதே கண்ணாடிக் கட்டடம். ஏதோ கல்யாணப் பந்தியில் சாப்பிடும்போது எடுத்த படத்திலிருந்து தலையை வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஒரு கன்னம் மட்டும் உப்பியிருந்தது.

அவனுக்கு விஷயம் தெரிந்ததே டீக்கடையில். "இன்ஜினியர் சாருக்கு ஒரு டீ" என்றிருக்கிறார்கள். நேராக வெண்மதி வீட்டுக்கு வந்து, அவளை இழுக்காத குறையாகப் பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"நீதான புள்ள?"

"ஆமாண்டா."

"என்னா சொன்ன எங்கப்பங்கிட்ட?"

"வைஃபை இருக்குதுன்னு."

"இருக்குதா?"

"இல்ல."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அவளுக்கு அடி வாங்கியதைவிட மோசமாக இருந்தது.

"ஏணி எடுத்துட்டு வரன், கழட்டிடலாம்" என்றாள்.

"கழட்டி? சிங்கப்பூர்லேந்து சித்தப்பா போன் பண்ணி சந்தோசத்துல அழுவுறாரு. பங்குச் சாமியாரு கையக் குடுத்துட்டாரு. எங்கப்பன் விடிஞ்சதுலேந்து இந்த ரோட்டுல நாலு தடவ சும்மா போயிட்டுச் சும்மா வந்துட்டாரு. இப்பக் கழட்டினா அந்த ஆளு வெளியில தல காட்டுவாரா?" அண்ணாந்து தன் உப்பிய கன்னத்தைப் பார்த்தான். "காக்கி தெச்சுட்டன் புள்ள. அத என்னா பண்றது?"

'நீ ஐ.டி.ஐ.க்கே போடா, மாமாகிட்ட நான் சொன்னதெல்லாம் பொய்யின்னு சொல்லிடறன்.' இந்த வார்த்தை அவள் வாயில் வந்து நின்றது. வெள்ளிக்கிழமையும் பக்கத்தில் வந்து நின்றது. வார்த்தையை விழுங்கினாள்.

"நாலு வருசந்தானடா" என்றாள்.

"உனக்கு ஒண்ணே தாங்கல."



வியாழக்கிழமை ஸ்ரீதரின் ஏ.சி. அறையில் இளவரசு கையெழுத்துப் போட்டான். மாமா வெள்ளைச் சட்டையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கமிஷன் கேட்காமல் உட்கார்ந்திருந்தார். ஸ்ரீதர் வெண்மதியின் டி.சி.யைக் கவரில் போட்டு நீட்டினார். கூடவே மேசைக்கு அடியிலிருந்து ஒரு ஹாட் பாக்ஸ் எடுத்துவைத்தார்.

"இது எதுக்கு சார்?"

"ரெஃபரன்ஸ் கிஃப்ட். நீதானம்மா ஆளக் கொண்டாந்த? நல்லா பேசுற. சிதம்பரத்துல ஃப்ரெண்ட்ஸ் யாரும் இருந்தாச் சொல்லு."

மாமாவின் முகம் அப்போதுதான் சுருங்கியது. பஸ் ஏறும்வரை புலம்பினார். "என் புள்ளயச் சேக்கறன். டப்பா அவளுக்கா? இது என்னாய்யா நியாயம்?" வெண்மதி நீட்டியபோது வாங்கவும் இல்லை, ரோஷம். வீட்டில் அம்மாதான் திறந்து பார்த்து, "சூடு நிக்குமா?" என்று கேட்டு, அடுக்குப்பானைக்கு மேல் ஏற்றி வைத்தாள். மாமா வீட்டுக் கிரைண்டர் போல, வெண்மதிக்கும் இப்போது வீட்டில் ஒரு தலை உண்டு.

வெள்ளிக்கிழமை சிதம்பரத்தில் கண்ணாடிக்காரர் டி.சி.யைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அறுத்துட்டியா? பரவால்லியே" என்றார். சேர்ந்துவிட்டாள். ஊரில் அவளுக்கு இரண்டாவது ஃப்ளெக்ஸ் வைக்கவில்லை. ஒரு தடவை இன்ஜினியர் ஆனவளை மறுபடி எப்படி வாழ்த்துவது என்று மாமாவுக்குத் தெரியவில்லை.

முதல் வாரமே பண்ணையில் பிராக்டிகல். கையில் களைக்கொத்தைக் கொடுத்து வயலில் இறக்கிவிட்டார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. வரப்பில் நின்று சத்தம் போட்ட உதவிப் பேராசிரியருக்குக் குடை இருந்தது. அந்தக் குடைக்குப் போகிற வழியும் குனிந்துதான் போகிறது என்று விண்ணப்பத்தில் யாரும் போடவில்லை. இடுப்பு மறுபடி கழன்றது.

அவள் போட்டிருந்தது காக்கி. சிதம்பரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது இளவரசு ஒரு துணிப்பையில் வைத்து மடியில் போட்டது. "முழுக்கை. வயலுக்குத் தோதா இருக்கும். எனக்கு இனிமே எதுக்கு?" என்றிருந்தான். மார்புப் பையில், மஞ்சள் நூலில் அவன் பெயரின் முதலெழுத்து இருந்தது.

நிமிர்ந்து நின்று போனைப் பார்த்தாள். அவன் ஒரு படம் அனுப்பியிருந்தான். ஒரு கம்ப்யூட்டர், அதைச் சுற்றி எட்டுத் தலைகள். "கரண்டு வந்துடுச்சு புள்ள. இன்னிக்கு இன்ஸ்பெக்‌ஷனாம்" என்று கீழே எழுதியிருந்தது.

போனை அவன் எழுத்து இருந்த பைக்குள் போட்டுக்கொண்டு குனிந்தாள். அவள் அவனுக்கு நாலு வருஷம் தரவேண்டியிருந்தது.