ஆறு நிமிட வாசிப்பு

எனக்குப் பொறுமை கிடையாது. அது அப்பாவிடமிருந்து வந்தது. பன்னிரண்டு வருடங்களாக எங்கள் தேவாலயத்தில் நான்தான் பியானோ வாசிக்கிறேன். ஆராதனை முடிந்து நான் வாசிக்கும் கடைசி இசையை அப்பா ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை. பாதியிலேயே எழுந்து மோட்டார்சைக்கிளை எடுக்கப் போய்விடுவார்.

இப்போது எனக்கே கலியாணம். வாசிக்கத் தெரிந்த மற்ற இரண்டு பேரும் கனடாவில். மணப்பெண் அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே வரும்போது வாசிக்க ஆளில்லை.

"ஃபோனிலை எத்தினை கிடக்கு, ஒண்டைப் போட்டுவிடுவம்" என்றார் றொபின், என்னைக் கட்டப்போகிறவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர்ப் பெண்களையெல்லாம் வாசித்து உள்ளே கூட்டி வந்தவள் நான். என்னை மட்டும் யாரோ முகம் தெரியாதவன் கூட்டி வருவதா? எங்களுடையது டிஜிட்டல் பியானோ. வாசிப்பதைப் பதிந்து வைத்தால், பொத்தானை அமுக்கியதும் ஆளில்லாமலே திரும்ப வாசிக்கும். நானே பதிந்து, நானே அதற்கு நடந்து வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

வாயால் சொல்வது சுகம். முதல் நாள் பதினொரு தரம் பதிந்தேன், பதினொன்றையும் அழித்தேன். அந்தச் சிவப்பு விளக்கு எரிந்ததும் விரல்கள் ஓட்டம் பிடிக்கின்றன. திரும்பக் கேட்டால், பஸ்ஸைத் தவறவிட்ட மணப்பெண்ணுக்கு வாசித்த மாதிரி இருக்கிறது.

வேகத்தை ஒருவாறு அடக்கினேன். நீளம்தான் பெரிய தலையிடி. பியானோவின் மேல் சின்னக் கண்ணாடி ஒன்று ஒட்டி வைத்திருக்கிறேன். அதில் வாசலைப் பார்த்துக்கொண்டே வாசிப்பேன். பெண்ணுக்குச் சேலை தடுக்கினால் சில அடிகளைத் திரும்ப வாசிப்பேன், விறுவிறென்று வந்தால் சுருக்கிவிடுவேன். பதிந்து வைத்தது யாரையும் பார்க்காது, யாருக்காகவும் நிற்காது.

அப்பாவுக்கு ஐந்து மாதத்துக்கு முன் பாரிசவாதம் வந்தது. இடது கால் இழுபடுகிறது. சக்கரநாற்காலியில் வரட்டும், இல்லாவிட்டால் சித்தப்பா கைபிடித்துக் கூட்டிவரட்டும் என்று சொந்தக்காரர் ஆளுக்கொன்று சொன்னார்கள். தானே நடப்பேன் என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். இசை முடிந்து, அவர் நடுவழியில் நிற்க, முந்நூறு பேர் திரும்பிப் பார்க்க, அந்தக் கால் தரையில் உரசும் சத்தம் மட்டும் கேட்டால்?

"அப்பா, ஒருக்கா வந்து நடந்து காட்டுங்கோ. நேரம் பாக்கவேணும்."

"அண்டைக்கு நடப்பன். நீ போய் உன்ரை வேலையைப் பார்."

அவருடைய வேலை மீன் வாங்குவது. ஒரு மாதமாகத் தினமும் விடிந்ததும் றஞ்சித்தின் ஓட்டோவில், மீன்படகுகள் வந்து கட்டும் குருநகர் ஜெற்றிக்குப் போய்விடுவார். மீன்காரர் எங்கள் படலைக்கே வந்து கூவுகிறார், இவருக்கு அது பிடிக்காதாம். பிரிஜ் முழுக்க விளைமீனும் பாரையும். கலியாணப் பதற்றத்தில் நான் செதில் உரித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் களவாகத்தான் நேரம் பார்த்தேன். மீன்பையோடு வந்து களைத்துப்போய் இருந்தவர், கதிரையிலிருந்து எழுந்து குளியலறைக்குப் போக ஒரு நிமிடம் எடுத்தது. தேவாலயத்தில் அதைப்போல் ஐந்து மடங்கு தூரம். மூச்சு வாங்க இன்னொரு நிமிடம். ஆறு நிமிடம் வாசித்துப் பதிந்தேன்.

பாடகர் குழுவிலிருக்கும் ஸ்ரெல்லாவைப் பியானோவுக்குப் பக்கத்தில் விட்டேன். "நான் வாசலிலை நிண்டு கையைக் காட்டினோண்ண அமத்து. அதுக்குப் பிறகு எதையும் தொட்டாய் எண்டால் கொண்டுபோடுவன்."

கலியாண நாள் கையைக் காட்டினேன். ஆளில்லாத பியானோவிலிருந்து என் வாசிப்பு வந்தது. அப்பா ஊன்றி வந்த பொல்லை வாசலில் சாத்திவிட்டு, என் கையைப் பிடித்து நடந்தார். கால் இழுபட்டதுதான். ஆனால் மனிசன் நிற்கவில்லை. நான்தான் அவரோடு இழுபட்டுப் போனேன். இரண்டரை நிமிடத்தில் பீடத்துக்கு முன்னால் நின்றோம்.

இசை முடியவில்லை. போதகர் புத்தகத்தைத் திறந்தார், மூடினார். நிறுத்தச் சொல்லிக் கண் காட்டினார். ஸ்ரெல்லா என்னைப் பார்த்துப் பயந்து இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இன்னும் எவ்வளவு கிடக்கு?" என்று அப்பா காதுக்குள் கேட்டார்.

"மூண்டரை நிமிசம்."

அப்பா கணக்கு வாத்தியாராக இருந்தவர். கூட்டிப் பார்க்க அவருக்கு நேரம் எடுக்கவில்லை.

"நடக்கமாட்டன் எண்டு நினைச்சிட்டாய், என்ன? உந்த மீனெல்லாம் என்னத்துக்கு எண்டு நினைச்சனி? ஒவ்வொரு நாளும் ஜெற்றியிலை இந்தத் தலைப்பிலை இருந்து அந்தத் தலைப்புக்கு நடந்தனான். றஞ்சித்தைக் கேட்டுப் பார்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அழுகையும் வந்தது. அத்தனை செதிலை உரித்தும் எனக்கு அது தெரியவில்லை. றொபின், இனிப் போதும் என்று நினைத்தாராக்கும், என் கையை வாங்கத் தன் கையை நீட்டினார்.

அப்பா கொடுக்கவில்லை.

"பொறும் தம்பி" என்றார். "பிள்ளை வாசிக்கிறாள்."

றொபின் கையை மடக்கிக்கொண்டார். கடைசிச் சுரம் அடங்கும்வரை அப்பா அசையாமல் நின்று கேட்டார்.