நூறு மீட்டருக்கு அப்பால்

விஜயகுமாரி ஐந்து மாதக் கர்ப்பிணி. பனியன் கம்பெனியின் செக்கிங் பகுதியில் நாள் முழுக்க நின்றுகொண்டே துணியில் பழுது இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. உட்கார ஒரு ஸ்டூல் கேட்டாள். மறுநாள் காலை கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவளோடு வேலை பார்த்த கோமளாவுக்கு மனசு ஆறவில்லை. சங்கத்தில் சொல்லி, முப்பது பெண்களைத் திரட்டிக் கம்பெனி கேட் முன்னால் உட்கார்ந்தாள். மங்கலம் ரோட்டிலிருந்து பிரியும் முட்டுச்சந்தின் கடைசியில் இருந்தது கம்பெனி. பதினெட்டு நாள் தொண்டை வறளக் கோஷம் போட்டார்கள். கேட்டது வாட்ச்மேன் ஒருவர்தான்.

முதலாளி தரணீதரனுக்கு அதுவும் பொறுக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார். போராடுவது தொழிலாளர் உரிமை, ஆனால் கேட்டிலிருந்து நூறு மீட்டருக்குள் கூடக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. கோமளா அழுதுவிட்டாள். தரணீதரன் ஆபீசில் எல்லோருக்கும் மைசூர்பாக் கொடுத்தார்.

கோர்ட் ஊழியர் வந்து டேப் பிடித்து அளந்தார். நூறு மீட்டர் முடிந்த இடம் மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்.

பெண்கள் அங்கே போய் உட்கார்ந்தார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து விசாரித்தார்கள். பேக்கரிக்காரர் டீ அனுப்பினார். வேறு கம்பெனிப் பெண்களும் ஷிப்ட் முடிந்து வந்து கூட உட்கார்ந்தார்கள். நான்காம் நாள், கம்பெனியிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரின் கார் அங்கே நின்றது. இறங்கிய அம்மையார் விஜயகுமாரியின் வயிற்றைப் பார்த்தார். அவள் கையிலிருந்த அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று டிரைவரிடம் கேட்டார்.

தரணீதரன் வக்கீலைக் கூப்பிட்டார். "ஏனுங்க, அவங்களக் கேட்டுக்கே திரும்பி வரச்சொல்லி ஒரு ஆர்டர் வாங்க முடியுங்களா?"

"தள்ளி உக்காரணும்னு கேட்டதே நாமதானுங்களே," என்றார் வக்கீல்.

கடைசியில் தரணீதரனே நடந்து வந்தார். "ஏம்மா கோமளா, வெயில்ல எதுக்குக் கெடக்கறீங்க? கேட்டுக்குக் கிட்டயே வந்து உக்காருங்க. பந்தல் போட்டுத் தர்றனுங்க."

"ஐயோ, கோர்ட்டு உத்தரவுங்க. மீறினா உள்ள போட்ருவாங்களாமுங்க," என்றாள் கோமளா. அவள் கேலி பேசவில்லை. உண்மையிலேயே பயந்திருந்தாள்.

திங்கட்கிழமை விஜயகுமாரி வேலைக்குப் போனாள். செக்கிங் பகுதிக்குப் பன்னிரண்டு ஸ்டூல் வந்தது. நிர்வாகம் தானாகவே முன்வந்து செய்த நல்ல காரியம் என்று பையருக்கு அறிக்கை போனது.

கோமளாவுக்கு உட்கார்ந்து வேலை பார்க்கக் கூச்சமாக இருந்தது. அந்த வாரம் முழுக்க, சூப்பர்வைசர் வந்தபோதெல்லாம் எழுந்து நின்றாள்.