மேல்கீல்

காலை ஷிப்டுக்கு மில் பஸ் வந்து நிற்கும்போது வேடசந்தூர்ப் பக்கம் வானம் இன்னும் கருக்கலாகத்தான் இருக்கும். இறங்குகிற பெண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டே ஓடுவார்கள். அவர்களுக்கும் முன்னால் ஓடியாக வேண்டியவன் ஒச்சப்பன். மில்லில் பிட்டர் வேலை, வெல்டிங் வேலை எல்லாம் அவன்தான். பஞ்சுக் குடோனின் இரும்புக் கதவை அவன் திறந்தால்தான் பஞ்சுப் பொதியான பேல் வெளியே வரும். பேல் வந்தால்தான் மிசின் ஓடும்.

சாவியைத் திருகித் தள்ளிவிடுகிற கதவில்லை அது. பத்தடி உயரம், இரண்டு பக்கமும் தகட்டுக் கதவு. வலது பக்கக் கதவு தொங்கிப்போய் மாதங்கள் ஆகின்றன. மேல்கீல் கதவு நிலையை விட்டு விலகிக்கொண்டே வர, கீழ்மூலை தரையில் உட்கார்ந்துவிட்டது. இழுத்து இழுத்துச் சிமெண்டில் பிறை போலப் பள்ளமே விழுந்திருந்தது. ஒச்சப்பன் அந்த மூலைக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து, மூச்சை அடக்கி நெம்புவான். கதவு விரற்கடை எழும்பும். அந்த நொடியில், உதவிக்கு நிற்கும் மில் பெண் ராமுத்தாய் கைப்பிடியைப் பற்றி வெளியே இழுப்பாள். ஒரு சாண் வரும். மறுபடி நெம்பல், மறுபடி ஒரு சாண். கதவு திறந்து முடிவதற்குள் இரண்டு பேருக்கும் முதுகு நனைந்துவிடும். அன்றைக்கும் அப்படித்தான் தொடங்கினார்கள்.

“இழு தாயி!”

“இழுக்கத்தானண்ணே செய்யுறேன். ஒங்க கதவு என்ன, மாமியா வீட்டுக்குப் போற புதுப்பொண்ணா? இம்புட்டு அடம் பிடிக்குது!”

பேல் வண்டியோடு பத்தடி தள்ளி நின்ற சடையாண்டி சிரித்தான்.

மூன்றாவது நெம்பலில் மேலே ‘டக்’கென்று ஒரு சத்தம். ஒச்சப்பன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் நடுக்கீலும் பிய்ந்தது. முந்நூறு கிலோ இரும்பு முறுக்கிக்கொண்டு ராமுத்தாய் மேல் சாய்ந்தது. அவள் கத்தவில்லை, மக்களே. கத்த நேரமில்லை. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடித்தாற்போல் ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

ஓடிவந்தவர்கள் எல்லோரும் கை கொடுத்துக் கதவைத் தூக்கினார்கள். முழங்காலுக்குக் கீழே அவள் இடது கால், கால் மாதிரி இல்லை. பஞ்சு பிரிக்கிற சண்முகவள்ளி தன் தலைத்துண்டை அவிழ்த்துத் தொடையில் இறுக்கிக் கட்டினாள். வேனில் ஏற்றும்போதுதான் ராமுத்தாய் வாய் திறந்தாள்.

“அண்ணே, என் செருப்பு ஒண்ணக் காணோமே…”

வேன் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. ஒச்சப்பன் அந்தச் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றான். அது கதவுக்கடியில் கிடந்தது.

ஆறரை மணிக்கு முதலாளி மகன் ரோஹித் காரில் வந்து இறங்கினான். பின்னாலேயே சூப்பர்வைசர் பேச்சிமுத்து.

“யோவ் ஒச்சு, பத்து மணிக்கு பாக்டரி இன்ஸ்பெக்டர் வர்றார். வருசச் சோதனை. அதுக்குள்ள கதவு நிலையில நிக்கணும்,” என்றான் ரோஹித்.

“ஒரு உசுரு வேன்ல போயிருக்கு சார்.”

“நான் கதவப் பத்திப் பேசுறேன். சடையாண்டி பேல் வண்டியக் கொண்டுவந்து மோதிட்டான். கீல் அறுந்துபோச்சு. அவ்வளவுதான் நடந்தது.”

“நா எங்க சார் மோதுனேன்? பத்தடி தள்ளியில்ல நின்னேன்!” சடையாண்டி சொல்லி முடிக்கவில்லை. பேச்சிமுத்து அவன் பிடரியைப் பிடித்துக் குடோனுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான். “வாலே, ஒரு கையெழுத்துப் போடணும்.”

ஒச்சப்பன் விழுந்து கிடந்த கதவருகே குத்துக்காலிட்டான். மேல்கீல் கதவோடு வந்திருந்தது. அறுந்த வாயைத் துணியால் துடைத்தான். முக்கால்வாசி கன்னங்கரேலென்று துருவேறிக் கிடந்தது. ஓரத்தில் நகக்கண் அளவு மட்டும் புது எவர்சில்வர் போல் மின்னியது. அந்த நகக்கண்தான் இன்றைக்கு அறுந்தது. மற்றது எப்போதோ விட்டுப்போனது.

அந்தக் கறுப்புக்கு மேலே மூன்று பொட்டு வெல்டிங் இருந்தது. அது அவன் கைவேலை.

தீபாவளிக்கு முன்னால் கதவு தொங்க ஆரம்பித்தபோதே நூல் பிடித்து அளந்து பார்த்துச் சொன்னான்: கீலில் மட்டும் இல்லை கோளாறு, நிலையின் தகடே இற்றுப்போயிற்று, அரை நாள் கதவை முட்டுக் கொடுத்து நிறுத்தி, பின்னால் கனத்த தகடு வைத்து, சுற்றிலும் முழு வெல்டிங் அடிக்க வேண்டும். ‘அரை நாள் மில்லை நிறுத்துறதா? ஒட்டி விடுய்யா’ என்றான் ரோஹித். ஒச்சப்பன் ஒட்டிவிட்டான். துருவைக்கூடச் சுரண்டாமல் மூன்று பொட்டு.

“என்ன பாத்துக்கிட்டிருக்க? மொதல்ல கிரைண்டரப் போடு. பழைய வெல்டிங் எல்லாம் தேச்சு எடு. பளபளன்னு இருக்கணும்,” என்று ரோஹித் அதட்டினான்.

தொழில் தெரிந்தவன் எவனும் முதலில் கிரைண்டரைத் தொடமாட்டான். கதவைத் தூக்கி முட்டுக் கொடுப்பான். எதைத் தேய்க்கச் சொல்கிறான் என்பது ஒச்சப்பனுக்குப் புரிந்தது. துரு போனால் சாட்சி போகும். கூடவே அவனுடைய மூன்று பொட்டும் போகும். அது அவனுக்கும் வசதியாகத்தான் இருந்தது, மக்களே, மறைப்பானேன்? ஏணியில் ஏறி, நிலையில் கீல் அறுந்த தழும்பில் கிரைண்டரை வைத்தான். பொறி பறந்தது. காது அடைத்தது.

பாதித் தழும்பு தேய்ந்தபோது டிஸ்க் தேய்ந்துவிட்டது. மாற்றுவதற்காக நிறுத்தினான்.

சுவருக்குப் பின்னாலிருந்து மொத்தென்று ஒரு சத்தம். “அடிக்காதீகண்ணே… அண்ணே…”

“ஏன்யா நிறுத்துன?” ரோஹித் கீழிருந்து கத்தினான். “ஓட்டு. ஓட்டிக்கிட்டே இரு.”

புது டிஸ்கை மாட்டி ஓட்டினான். சத்தம் எழும்பியது, அந்தக் குரல் அமுங்கியது. கை தானாக சுவிட்சை அமுக்கி நிறுத்தியது. மறுபடி அந்தக் குரல். இப்போது அது அழுகையாகக்கூட இல்லை, முனகல்.

ஒச்சப்பன் ஏணியிலிருந்து இறங்கினான். போர்டிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான். ரோஹித் சட்டையைப் பிடித்தான். உதறிவிட்டுக் குடோனைச் சுற்றி ஓடினான். சடையாண்டி மண்ணில் கிடந்தான், ஒரு கண் மூடி வீங்கியிருந்தது, உதட்டில் ரத்தம். பேச்சிமுத்துவின் கையில் இரும்புக் குழாய்.

“விடுரா அவன!”

பதிலுக்குக் குழாய்தான் வந்தது. ஒச்சப்பன் வலது கையைக் குறுக்கே கொடுத்தான். மணிக்கட்டு நொறுங்கியது. அவன் போட்ட அலறல் முற்றம் வரைக்கும் கேட்டது.

பேல் வராததால் பஞ்சு பிரிக்கிற மிசின் நின்று, முப்பது பெண்கள் முற்றத்தில்தான் நின்றார்கள். சண்முகவள்ளி முதலில் ஓடிவந்தாள். பிறகு அத்தனை பேரும். பேச்சிமுத்து இரண்டாவது அடிக்குக் குழாயை ஓங்கினான். அது இறங்குவதற்குள் எட்டுக் கைகள் பிடித்துக்கொண்டன. சடையாண்டியை இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள்.

ஒச்சப்பன் ஒடிந்த கையை நெஞ்சோடு அணைத்தபடி அவர்களைக் கதவருகே கூட்டிவந்தான். இடது கையால் கீலைக் காட்டினான்.

“கறுப்பா இருக்கு பாருங்க, இது பழைய விரிசல். ஓரத்துல வெள்ளையா மின்னுதே, இம்புட்டுத்தான் இன்னைக்கு அறுந்தது. வண்டி மோதுனா கதவு நசுங்கியிருக்கணும். நசுங்குன தடம் எங்க இருக்கு?”

சண்முகவள்ளி குனிந்து பார்த்தாள். “இந்த மூணு பொட்டு ஆரு வச்சது?”

“நாந்தான்.”

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான். அரை நா கேட்டேன். குடுக்கல. அப்பவே பையத் தூக்கிக்கிட்டுப் போயிருக்கணும். பயந்துக்கிட்டு ஒட்டிவிட்டேன்.”

“ஒங்க வாயில அன்னைக்கு என்ன, கொழுக்கட்டையா இருந்துச்சு?” அவள் கண்ணில் நீர் தளும்பியது. “தெனமும் ஒங்க கண்ணு முன்னாலதான அவ இழுத்தா!”

ரோஹித் கைதட்டிச் சிரித்தான்.

“கேட்டீங்களா? அவனே ஒத்துக்கிட்டான். சடையாண்டி வேண்டாம், இவனையே உள்ள தள்ளுறேன். பேச்சிமுத்து, ஸ்டேசனுக்குப் போன் போடு.”

“போடுங்க,” என்றாள் சண்முகவள்ளி. “பொட்டு வச்சது அண்ணன். அரை நா குடுக்காதது ஆரு? ரெண்டையும் சேத்து எழுதச் சொல்லுவோம். அது வரைக்கும் இந்தக் கதவு கெடந்த எடத்துலயே கெடக்கும்.”

சொல்லிவிட்டுக் கதவின் மேல் உட்கார்ந்தாள். ரத்தம் காயாத இரும்பின் மேல் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

“எல்லாரும் நாளையிலருந்து வீட்டுல இருங்க!” என்றான் ரோஹித். எவரும் எழவில்லை. பேச்சிமுத்து ஒருத்தியின் சடையைப் பிடித்து இழுத்தான். பக்கத்தில் இருந்தவள் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள், அவளை அடுத்தவள். சண்முகவள்ளியின் விலாவில் ஒரு உதை விழுந்தது. சுருண்டாள், ஆனால் கீலை மடிக்குள் அணைத்தபடி சுருண்டாள். இழுத்து இழுத்துப் பேச்சிமுத்துக்குத்தான் மூச்சு வாங்கியது.

பத்து மணி ஆயிற்று. பத்தரையும் ஆயிற்று. இன்ஸ்பெக்டர் வரவில்லை, போலீசும் வரவில்லை. யார் முதலில் வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. வெயில் ஏற ஏற இரும்பு சுட்டது. பஞ்சு இல்லாமல் உள்ளே ஒவ்வொரு மிசினாக நின்றுகொண்டே வந்தது. நூற்புக் கூடத்துப் பெண்கள் தலையில் ஒட்டிய பஞ்சோடு வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி படியிறங்கினாள். பின்னால் ஐந்தாறு பேர்.

சண்முகவள்ளி விலாவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். முந்தானையைக் கிழித்து ஒச்சப்பனின் மணிக்கட்டைச் சுற்றிக் கட்டினாள். மெதுவாகக் கட்டவில்லை.

“ராமுத்தாய்க்கு மயக்கம் தெளிஞ்சதும் இந்த மூணு பொட்டு வெவகாரத்த நீங்களே அவகிட்டச் சொல்லணும்.”

“எந்த மொகத்த வச்சுக்கிட்டுப் போயி நிப்பேன் தாயி?”

“ஒத்தையில ஆரு போகச் சொன்னது? நாங்களும் கூட வாரோம்.” முடிச்சை இறுக்கிவிட்டு முற்றத்தைப் பார்த்தாள். “செத்தத் தள்ளி உக்காருங்கண்ணே. வாரவுகளுக்கு எடம் வேணும்.”