மேல் வீட்டுத் தண்ணீர்

கவுண்டரில் இருந்த குமாஸ்தா, கண்ணாடிக்குக் கீழே இருந்த சந்து வழியாக இரண்டு படிவங்களைத் தள்ளினார். ஒன்று வெள்ளை, மற்றது வெளிர்நீலம்.

"வெள்ளை, சின்ன வழக்குங்களப் பார்க்கிற கோர்ட்டுக்கு. நீலம், சமரசத்துக்கு. எதுன்னு நீங்கதான் சார் சொல்லணும்."

கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றவர், முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த பட்டனை அழுத்தினால் எந்தத் தளம் என்று யோசிக்காமல் சொல்லக்கூடியவர், இந்த இரண்டு தாள்களுக்கு முன்னால் திகைத்து நின்றார். கையில் இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் பதினாறு போட்டோக்கள். மேல் வீட்டு நர்ஸம்மா டூட்டிக்குப் போயிருந்தபோது அவளுடைய வாஷிங் மெஷின் குழாய் கழன்று, தண்ணீர் மணிக்கணக்கில் ஓடி, இவருடைய படுக்கையறைக் கூரையின் காரை கட்டில் மேல் பொத்தென்று விழுந்தது. நல்லவேளை, அப்போது அவர் சமையலறையில் இருந்தார். கேட்கப் போனபோது, மெஷினைப் பொருத்தியவனிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றாள். ஒரு மாதம் பார்த்தார். பிறகு, 'பொறுப்பில்லாத ஜென்மம்' என்று முடியும் ஒரு சீட்டை அவள் கதவில் ஒட்டிவிட்டு வந்தார். மூன்று மாதமாக ஹால் சோபாவில் காலை மடக்கிப் படுத்து, முதுகு வில்லாகிவிட்டது.

"எதுல சீக்கிரம் முடியும்?"

"கோர்ட்டுல பத்து நிமிஷம். ஜட்ஜ் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும், தீர்ப்பு வந்துடும். சமரசம்னா ரூம்ல உக்காந்து பேசணும். ரெண்டு மணி நேரம் ஒதுக்குவாங்க. நடுவுல ஒருத்தங்க இருந்து நீங்க சொல்றதெல்லாம் கேப்பாங்க."

"எல்லாத்தையும் கேப்பாங்களா?"

"அதுதான் சார் அவங்க வேலையே."

நீலப் படிவத்தை எடுத்துக்கொண்டார்.

கடல் தாண்டி இருக்கும் மகளுக்கு அது பிடிக்கவில்லை. "ஆதாரமெல்லாம் கையில இருக்கேப்பா! கோர்ட்டுக்கு இழுக்கறத விட்டுட்டு அந்தம்மாகூட என்ன பேச்சு? நீங்க பாதியில இறங்கி வந்துடுவீங்க." கோர்ட்டில் கூட்டமாம் என்று ஒரு பொய் சொல்லி வைத்தார். மனைவி போன பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிட்டு, சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று மூன்று நிமிடத்தில் முடித்துவிடுகிற பெண், கூரை விழுந்ததிலிருந்து தினமும் கூப்பிடுகிறாள். என்ன எழுத வேண்டும், எந்த போட்டோவை முதலில் காட்ட வேண்டும் என்று அரை மணி நேரம் பேசுகிறாள். சண்டைக்கு அவள் அம்மாவைப் போல. பத்து நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிட்டால் அப்புறம் பேச என்ன இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதற்கு வெட்கப்படவும் செய்தார்.

சமரசத்தன்று சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, நான்கு பக்கம் எழுதி எடுத்துப் போனார். சமரசம் செய்கிற பெண்ணுக்கு அவர் மகளுடைய வயதுதான் இருக்கும். பென்சிலும் குறிப்பேடும் வைத்திருந்தாள். நர்ஸம்மா டூட்டி முடிந்து சீருடையோடு நேராக வந்திருந்தாள், கண்கள் சிவந்து. முதலில் அவரைப் பேசச் சொன்னார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தக் கட்டிலைக் கல்யாணமான வருடம் வாங்கியதிலிருந்து ஆரம்பித்தார். இரண்டாம் பக்கத்துக்குத் திரும்பும்போது நர்ஸம்மா குறுக்கிட்டாள்.

"தப்பு என்னோடதுதாங்க. கூரையப் பூசித் தந்துடறேன், மெத்தையும் புதுசு வாங்கித் தந்துடறேன். எங்க கையெழுத்து போடணும்?"

சுவர்க் கடிகாரத்தில் பதினோரு நிமிடம்தான் ஆகியிருந்தது.

"அப்படி உடனே ஒத்துக்கக் கூடாதும்மா," என்றார் அவர். "இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு. நீங்களும் உங்க பக்கத்தச் சொல்லணும் இல்ல?"

"என் பக்கம்னு என்ன இருக்கு சார்? கதவுல உங்க சீட்டப் பார்த்தேன். அப்புறம் உங்க மூஞ்சில முழிக்கவே பயமாப் போச்சு."

சமரசம் செய்கிறவள் நர்ஸம்மாவைச் சற்று வெளியே இருக்கச் சொன்னாள். கதவு மூடியதும், "அய்யா, கேட்டதெல்லாம் கிடைச்சிடுச்சு. ஆனா உங்க முகம் தெளியலையே. வேற என்ன வேணும்?" என்றாள்.

அவர் தாள்களை மடித்தார், பிரித்தார். அதில் எழுதாததைச் சொன்னார். "அந்தச் சீட்ட ஒட்டினதுக்கு மறுவாரம் மேல கம்பளம் வாங்கிப் போட்டுட்டாங்க. அதுக்கு முன்னாடியெல்லாம் காலையில வந்து செருப்பக் கழட்டிப் போடற சத்தம் கேக்கும். நாற்காலிய இழுப்பாங்க, பாத்திரத்தக் கீழ போடுவாங்க. சரி, வந்தாச்சுன்னு நானும் எழுந்து டீ போடுவேன். இப்ப மேல ஆள் இருக்கா இல்லையான்னே தெரியலம்மா."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "இத நான் அவங்ககிட்ட சொல்லட்டுமா? ஒப்பந்தத்துல சேர்க்கலாம்."

"அய்யய்யோ, வேண்டாம். கம்பளத்த எடுன்னு யாராவது எழுதி வாங்குவாங்களா? சிரிப்பாங்க."

ஒப்பந்தம் ஒரே பக்கம். கையெழுத்துப் போட்டதும் மகளுக்குச் செய்தி அனுப்பினார். உடனே பதில் வந்தது: 'சூப்பர்ப்பா, ஜெயிச்சுட்டோம்! ஞாயித்துக்கிழமை பேசலாம்.' அன்று செவ்வாய்க்கிழமை.

வீட்டுக்கு இருவருக்கும் ஒரே பஸ். காலியாக இருந்தது இருவர் உட்காரும் ஒரே இருக்கை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, "மேஸ்திரிய வெள்ளிக்கிழமை வரச் சொல்றேன் சார்," என்றாள். அவர் சரி என்றார். மேற்கொண்டு என்ன சொல்லலாம் என்று யோசித்து, சொல்ல ஒன்றைக் கண்டுபிடித்துத் திரும்பியபோது அவள் தூங்கிப் போயிருந்தாள். இரவு முழுக்க நின்ற உடம்பு. தலை கண்ணாடியில் முட்டி முட்டி அசைந்தது. மடியிலிருந்து நழுவிய பையை அவர் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே டிபன் டப்பாவில் ஸ்பூன் உருளும் சத்தம்.

அவர்களுடைய நிறுத்தம் வந்தது. எழுப்பக் கை போயிற்று. என்னவென்று கூப்பிடுவது? அவள் கதவில் ஒட்டிய சீட்டில் எழுதிய வார்த்தைதான் நாக்கில் வந்து நின்றது. இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். ஓட்டுநர் கண்ணாடி வழியே இவரைப் பார்த்தார். அவர் உதட்டில் விரலை வைத்து, போங்க என்று கையை மட்டும் அசைத்தார். கதவு மூடிக்கொண்டது. ஜன்னலில் அவர்களுடைய கட்டிடம் வந்து, நின்றதுபோல் இருந்து, பின்னால் போயிற்று. கடைசி நிறுத்தத்துக்கு இன்னும் ஒன்பது நிறுத்தங்கள். ஸ்பூன் சத்தம் போடாமல் இருக்க, அவர் பையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.