நாடெங்கும் இருபத்தொன்பது

காலை ஆறு மணிக்கு வெர்லின் ஹார்ம்ஸ் சமையலறை மேசையில் டேப்லெட்டை நிமிர்த்தி வைத்தான். மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டு அன்றைய கருத்துக்கணிப்பு எண்ணைப் படித்தான்.

"இருபத்தொன்பது! நேத்தைவிட ஒண்ணு ஏறியிருக்கு. அடுத்த ஆள் கஸ்மான், வெறும் பதினேழு. கேட்டியா லோர்னா? உங்க அம்மணி எங்கேயோ போயிட்டாங்க."

"கேட்டேன். காபி ஆறுது, குடி."

"என்ன இப்படிச் சலிச்சுக்கற? சந்தோஷமா இருக்க வேணாமா?"

சந்தோஷப்படவும் லோர்னாவுக்குத் தெம்பு வேண்டுமே. எட்டு மாதமாக செனட்டர் ஆஷ்வொர்த்துக்காக வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறாள். நாய் துரத்தியிருக்கிறது, பனிச் சறுக்கலில் விழுந்து முழங்கால் வீங்கியிருக்கிறது, அவளோடு தேவாலயத்துக்கு வருகிறவர்களே அவள் கார் வாசலில் நின்றதும் விளக்கை அணைத்திருக்கிறார்கள். ஹோல்டன் ஊரில் பள்ளிக்கூடச் சமையற்காரி அவள். பகலில் இருநூறு பிள்ளைகளுக்குச் சோறு, சாயங்காலம் பெரியவர்களுக்கு ஆஷ்வொர்த். இன்றைக்கு ராத்திரியோடு எல்லாம் முடிந்துவிடும். ஏழு மணிக்கு அயோவா முழுக்க கட்சியின் காகஸ், வட்டத்துக்கு வட்டம் கூடி ஆளை நிறுத்தி எண்ணுகிற கூட்டம். அதிபர் பதவிக்குக் கட்சி யாரை நிறுத்துவது என்று நாட்டிலேயே முதலில் சொல்வது இந்த மாநிலம்தான்.

அந்த எண்ணின் மேல் லோர்னாவுக்குத் தனியாக ஒரு கோபம் இருந்தது. தினமும் நாடு முழுக்க முன்னூறு சொச்சம் பேரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, மூன்று நாள் பதிலைச் சேர்த்துப் போடுகிற கணிப்பு அது. கலிஃபோர்னியாக்காரனையும் கேட்கிறார்கள், ஃப்ளோரிடாக்காரியையும் கேட்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் ஓட்டு இன்னும் இரண்டு மாதம் கழித்து. பேர் தெரிந்த ஆளைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

உதவாமல் போனாலும் பரவாயில்லை, உபத்திரவம் அல்லவா செய்கிறது! நவம்பரில் நன்றி தெரிவிக்கும் நாள் விருந்து சமயத்தில் அவள் நோட்டில் ஹோல்டன் இரண்டாம் வட்டத்துக்கு இருபத்திரண்டு பேர் உறுதி சொல்லியிருந்தார்கள். அந்த எண் ஏற ஏற நோட்டில் ஆள் இறங்கினார்கள். "அதான் ஜெயிக்கப்போறாங்களே லோர்னா, நான் வேற எதுக்கு?" என்று ஒருத்தி. "பன்னெண்டு பாயின்ட் முன்னால இருக்காங்க, என் இடுப்புவலியோட வந்துதான் ஆகணுமா?" என்று ஒருத்தர். யாரும் அவளை விட்டுப் போகவில்லை, எல்லாரும் அவள் பக்கம்தான். வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவள் பக்கம்.

"நீ கட்டாயம் வரணும்" என்றாள் லோர்னா. "ஆறே முக்காலுக்குள்ள. ஏழு மணிக்கு வரிசையில நிக்காதவங்களை உள்ள விடமாட்டாங்க."

"மாட்டுக்குத் தீவனம் போட்டுட்டு நேரா வந்துர்றேன், அம்மா தாயே. எத்தனை தடவை சொல்லுவ?"

அவன் எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்து, முதுகை அவள் பக்கம் காட்டியபடி இன்சுலின் ஊசியில் மருந்தை ஏற்றினான். அவள் ஜன்னலைப் பார்ப்பதுபோல் நின்றாள். போன ஏப்ரலில்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. மாதக் கடைசியில் புட்டியில் பாதி மிச்சம் இருந்தது. சர்க்கரை குறைந்திருக்கிறது போல என்று முதலில் சந்தோஷப்பட்டுவிட்டாள், பைத்தியக்காரி. பிறகுதான் புரிந்தது, விற்கிற விலைக்கு இவன் பாதிப் பாதியாகப் போட்டுக்கொண்டு நாளை ஓட்டுகிறான் என்று. அரசாங்கக் காப்பீடு கிடைக்க அறுபத்தைந்து ஆகவேண்டும், இன்னும் மூன்று வருஷம். கால் விரல் இரண்டு இப்போதே மரத்துக் கிடக்கிறது. கேட்டால் அவமானப்படுவான் என்று அவள் கேட்கவில்லை. மே மாதம் தீயணைப்பு நிலையத்தில் கூட்டம் போட்ட ஆஷ்வொர்த், பதவிக்கு வந்த முதல் நூறு நாளில் இன்சுலினுக்கு உச்சவிலை வைக்கிறேன் என்று சொன்னபோது, லோர்னா அங்கேயே பேரைக் கொடுத்துவிட்டாள். வெர்லினிடம், "வீட்ல சும்மா இருக்கப் பிடிக்கல" என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை மடக்கிச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். வடக்கு மூலையில் ஆஷ்வொர்த் படத்தை ஒட்டி, தான் செய்த கடலை வெண்ணெய் சாக்லேட் துண்டுகளைத் தட்டில் அடுக்கினாள் லோர்னா. எதிர் மூலையில் ஆளுநர் கஸ்மானின் ஆட்கள் ஒரு பெரிய பாத்திரம் நிறையச் சூப்பே கொண்டுவந்திருந்தார்கள். ஆவி பறந்தது, கூட்டமும் அங்கேதான் மொய்த்தது.

ஆறு ஐம்பதுக்கு வெர்லினைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. ஆறு ஐம்பத்தாறுக்குக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான் என்று நினைத்து வாசலையே பார்த்தாள். ஏழடித்ததும், நூலகத்தில் வேலை பார்க்கும் பெவ் கதவைச் சாத்தினாள். இந்த வட்டத்துக்கு இன்றைக்கு அவள்தான் தலைவி.

"எல்லாரும் அவங்கவங்க ஆளோட மூலைக்குப் போங்க" என்று பெவ் கத்தினாள். "மொத்தம் வந்தது எண்பத்தெட்டு பேர். பதினஞ்சு சதவீதம் இல்லாத மூலை கலைஞ்சுரும், தெரியும்ல? எண்பத்தெட்டுல பதினஞ்சு சதம்னா பதிமூணு புள்ளி ரெண்டு. ஆளை அரியவா முடியும்? அதனால பதினாலு."

எண்ணிப் பார்க்காமலேயே லோர்னாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் தோளைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். தன்னையும் சேர்த்துப் பதிமூன்று. மறுபடி எண்ணினாள். பதிமூன்று. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். நாட்டில் பன்னிரண்டு பாயின்ட் முன்னால் நிற்கும் செனட்டருக்கு ஹோல்டன் இரண்டாம் வட்டத்தில் ஓர் ஆள் குறைகிறது!

"ரெண்டாவது சுத்துக்குப் பதினஞ்சு நிமிஷம்" என்றாள் பெவ். "குறையிற மூலைக்காரங்க யாரையாவது இழுத்துக்கலாம், இல்லேன்னா வேற மூலைக்குப் போகலாம், இல்லேன்னா வீட்டுக்குப் போகலாம்."

வெர்லினுக்கு மறுபடி போன் செய்தாள். இனி வந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். ஆனாலும் செய்தாள், ஏதாவது ஆகிவிட்டதோ என்ற பயத்தில். எடுக்கவில்லை. சர்க்கரை தாறுமாறாகி மாட்டுக் கொட்டகையில் விழுந்து கிடக்கிறானோ? ஓடிப் போய்ப் பார்ப்பதா, இங்கே நிற்பதா? கால் இரண்டு பக்கமும் இழுத்தது.

மேற்கு மூலையில் ஐந்தே பேர் நின்றார்கள், யாரோ ஒரு கீழவை உறுப்பினருக்காக. அவர்களும் கலையத்தான் வேண்டும். அவர்களுக்கெல்லாம் கேலன் மைன்ட்ஸ் சொன்னதுதான் வாக்கு. ஓய்வுபெற்ற தபால்காரன், தினமும் காலை பத்து மணிக்கு ஊரின் ஒரே பெட்ரோல் நிலையத்தில் வெர்லினோடு காபி குடிப்பவன். லோர்னா தட்டோடு போனாள்.

"கேலன், ஒரே ஒரு ஆள் போதும். அஞ்சு பேரும் வந்தா தலைமேல வச்சுக்கறேன்."

கேலன் ஒரு சாக்லேட் துண்டை எடுத்துக்கொண்டான். "உன் தட்டுக்காகவே வரலாம். ஆனா லோர்னா, உங்க அம்மணிக்கு என்ன குறைச்சல்? நாடு பூரா இருபத்தொன்பது. இந்தக் கூடத்துல விழுந்தா என்ன, எழுந்தா என்ன? கஸ்மான்தான் பாவம், அந்தாளைக் கொஞ்சம் தூக்கி விடணும். அஞ்சு பேரும் வந்தா எங்கள்ல ஒருத்தரை மாவட்டக் கூட்டத்துக்குப் பிரதிநிதியா அனுப்பறோம்னும் சொல்லியிருக்காங்க."

"அந்த எண்ணைச் சொன்ன எவனும் இன்னிக்கு இங்க வந்து நிக்கலியே, கேலன். நிக்கிறது பதிமூணு பேர்."

"அட, நீ ஏன் இதுக்குப் போய் மனசை விடற? உங்க சொந்த விஷயமா என்ன?"

வார்த்தை வாய்வரை வந்தது. ஆமாம், சொந்த விஷயம்தான், உன் சிநேகிதன் மருந்தைப் பாதியாக்கிப் போட்டுக்கொள்கிறான், விரல் மரத்துப் போச்சு என்று சொல்லியிருந்தால் கேலன் அந்த நிமிஷமே வந்திருப்பான். மற்ற நாலு பேரையும் இழுத்துக்கொண்டு வந்திருப்பான், கண்ணில் தண்ணீரோடு. நாளை காலை பத்து மணிக்குக் காபி மேசையில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். மனைவியிடமே முதுகைக் காட்டி ஊசி போடுகிற மனுஷன், அதற்குப் பிறகு அந்த மேசைக்குப் போவானா? லோர்னா வார்த்தையை விழுங்கினாள்.

"எட்டு மாசம் அலைஞ்சிருக்கேன், அதான்" என்றாள்.

"அது தெரியாதா எங்களுக்கு" என்று கேலன் அன்பாகச் சொல்லிவிட்டு, நாலு பேரையும் கூட்டிக்கொண்டு சூப்புப் பக்கம் போனான்.

பெவ் மறுபடி கேட்டாள். வடக்கு மூலை, பதிமூன்று. கலைந்தது. லோர்னாவின் ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள், அவளைப் பார்க்காமல். அவள் எந்த மூலைக்கும் போகவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு தன் சமையலறைக்குப் போய், வெந்நீரைத் திறந்துவிட்டுக் கழுவினாள். யாருக்கு ஆதரவு என்று எழுதித் தரவேண்டிய சீட்டில் எதுவும் எழுதாமல் பெவ்விடம் கொடுத்துவிட்டுக் காருக்கு ஓடினாள்.

வீட்டில் எல்லா விளக்கும் எரிந்தது. வெர்லின் சமையலறை மேசையில் முழுசாக உட்கார்ந்திருந்தான், கோட்டும் பூட்ஸும் மாட்டியபடி. அவனை உயிரோடு பார்த்ததும் அவளுக்கு முதலில் உயிர் வந்தது, பின்னாலேயே ஆத்திரமும் வந்தது.

"எங்க போய்த் தொலைஞ்ச? செத்துகித்துப் போயிட்டியோன்னு நினைச்சேன்!"

"திட்டாத, கேளு. கிளம்பிட்டேன், சாவியை எடுத்துட்டேன். வீட்டுப் போன் அடிச்சது. நீதானோன்னு எடுத்தா, அவங்க! அந்தக் கணிப்புக்காரங்க. நாடு பூரா ஆயிரம் பேருல நான் ஒருத்தன், லோர்னா! அஞ்சு நிமிஷம்னு சொன்னாங்க. சரி, உன் அம்மணிக்கு ஒரு ஓட்டு கூடுதே, நாடே பார்க்கற எண்ணாச்சேன்னு நின்னேன். கேட்டாங்க கேட்டாங்க, கேட்டுட்டே இருந்தாங்க. ரப்பர் கணக்கா நீண்டுபோச்சு. செல்போன் வேற வண்டியில கிடந்துச்சு. நடுவுல வச்சா என் பதிலை எடுத்துக்க மாட்டாங்களாம்."

லோர்னா கோட்டைக் கழற்றாமலே எதிரில் உட்கார்ந்தாள்.

"யாரைச் சொன்ன?"

"கேள்வியா இது? ஆஷ்வொர்த்தைத்தான்."

"காகஸுக்கு நிச்சயமாப் போவீங்களான்னு கேட்டிருப்பாங்களே."

வெர்லின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "கேட்டாங்க. கடைசிக் கேள்வி அதுதான்."

"என்ன சொன்ன?"

"நிச்சயமான்னு சொன்னேன்." அவன் குரல் இறங்கிவிட்டது. "ஏழு ரெண்டு இருக்கும் அப்ப."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. வெர்லின் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"எத்தனை பேர் குறைஞ்சுது?" என்று கேட்டான்.

"ஒருத்தர்."

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். ஹோல்டனில் மட்டுமல்ல, மாநிலம் பூராவும் இப்படித்தான் பதிமூன்றுகளாக நின்றிருக்கிறார்கள். ஆஷ்வொர்த் அயோவாவில் நான்காவது வந்தார். கணிப்புக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்ட அன்றைக்குச் சொன்ன பதிலை அவர்கள் உள்ளபடியே கூட்டிப் போட்டார்கள். ஜெயித்தவர்களைப் பார்த்ததும் நாடு மனசை மாற்றிக்கொண்டது. இருபத்தொன்பது ஒரே வாரத்தில் பதினாறாயிற்று, அடுத்து ஓட்டுப் போட்ட நியூ ஹாம்ப்ஷயருக்குப் பிறகு ஒன்பதாயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆஷ்வொர்த் மேடையேறி எல்லாருக்கும் நன்றி சொல்லி விலகிக்கொண்டார். கஸ்மானின் திட்டத்தில் இன்சுலின் என்ற வார்த்தையே இல்லை. லோர்னா முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை வெர்லின் டேப்லெட்டைத் திறக்கவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்து, வழக்கம்போல் முதுகைக் காட்டி நின்றான். லோர்னா எழுந்துபோய் அவன் பக்கத்தில் நின்று கையைப் பிடித்தாள்.

"முழுசா ஏத்து."

அவன் திரும்பவில்லை. "எப்போலேர்ந்து தெரியும்?"

"ஏப்ரல்லேர்ந்து."

"அதுக்காகவா எட்டு மாசம்..." அவனால் முடிக்க முடியவில்லை. "யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லியிருந்தா கேலன் வந்திருப்பானே."

"வந்திருப்பான்" என்றாள் லோர்னா. "முழுசா ஏத்து வெர்லின். ஸ்கூல் பஸ்ஸுக்கு ஆள் வேணும்னு போட்டிருக்கான், காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. நான் கேட்டிருக்கேன்."

"உன் முழங்கால் இருக்கற இருப்புக்கா?"

"உட்கார்ந்துதானே ஓட்டப்போறேன். ஏத்து."

அவன் ஏற்றினான். அவள் புட்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டாள், கோடு முழுசாக வரும்வரை.