இருபது நிமிடம் முந்திய மணிக்கூண்டு

பெரிய முள்ளின் மேல் ஒரு புறா உட்கார்ந்திருக்கிறது, முள் படுத்த வாக்கில் ஒன்பதைத் தொடும்போதுதான் புறாக்கள் வந்து உட்காரும், முள் நிமிர நிமிரக் கால்கள் வழுக்கும், கடைசியில் யாரோ தள்ளிவிட்டதுபோலப் பறந்துபோகும், சின்ன வயதில் நானும் ஜெபக்கனி அக்காவும் அது எந்த நிமிடத்தில் விழும் என்று பந்தயம் கட்டுவோம், அக்காதான் எப்போதும் ஜெயிப்பாள், இப்போது அதே மணிக்கூண்டுச் சதுக்கத்தில் உச்சி வெயிலில் தனியாக நிற்கிறேன், கைப்பையில் அப்பாவின் கைக்கடிகாரம் இருக்கிறது, அக்கா இறந்து முப்பது நாள் கழித்து அவள் கணவர் சூரத்திலிருந்து அனுப்பியது.

சதுக்கம் முழுக்க வண்ணக் கற்கள் பதித்திருக்கிறார்கள், நடுவில் ஒரு நீரூற்று, அதில் தண்ணீர் இல்லை, சுடலையின் டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை, ஆனால் கண்ணை மூடினால் பால் பொங்கும் வாசனை வருகிறது, தூங்குமூஞ்சி மரங்கள் திரும்ப முளைக்கின்றன, மணிக்கூண்டு இருபது நிமிடம் முந்தி ஓடுகிறது, பஞ்சாலை ஆட்கள் வேலைக்குப் பிந்தக் கூடாது என்று ஒரு வெள்ளைக்கார மேலாளர் அப்படி வைக்கச் சொன்னாராம், ஆலையை மூடிய பிறகும் யாரும் அதைத் திருத்தவில்லை, இந்த ஊரில் பிறந்தவர்கள் அண்ணாந்து பார்த்ததுமே இருபதைக் கழித்துவிடுவார்கள், வெளியூர்க்காரர்கள்தான் பதறி ஓடுவார்கள், நாங்கள் சிரிப்போம்.

அக்கா அப்பாவை மீறி இசக்கிராசுவைக் கட்டிக்கொண்டு போன பதினெட்டாம் நாள், மீன் சந்தையில் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள், நாளைக்கு நாலு மணி மதுரை பஸ்ல போறோம்ட்டி, அப்பா வந்து ஒரு வார்த்தை பேசினா போதும், இங்கயே இருந்துக்கிடுதோம், வரலேன்னா பொறவு இந்த ஊரு மண்ண மிதிக்க மாட்டேன், அவள் மணிக்கட்டில் அப்பாவின் கடிகாரம், பரீட்சைக்கென்று வாங்கிக்கொண்டு போனது, எங்கள் வீட்டில் இருந்த ஒரே கடிகாரம். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன், மறுநாள் மத்தியானம் அவர் பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார், வாட்டி போவோம் என்றார், அவ்வளவுதான், நான் அழுதுவிட்டேன்.

சதுக்கத்துக்கு வந்தபோது மணிக்கூண்டில் நாலாகப் பத்து நிமிடம் இருந்தது. இன்னும் மூணரைதாம்ட்டி ஆகுது, முன்னாடியே போயி நின்னா நல்லாருக்காது, ஒரு டீ குடிச்சிட்டுப் போவோம், நாக்கு ஒட்டுது என்றார் அப்பா. பேருந்து நிலையம் பின் தெருவில்தான், நடந்தால் இரண்டு நிமிடம், சரி என்றேன். அன்று காலையில் அந்த வழியே போனவள் நான், கூண்டைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தது, முகப்புக்குள் ஒரு ஆள் தலையை நுழைத்துக்கொண்டிருந்தான், நூற்றாண்டு விழாவுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று நினைத்தேன், இப்போதும் அந்தக் காலையைத் திரும்பத் திரும்பக் கடக்கிறேன், ஒரு முறையாவது நின்று, என்னண்ணே செய்யுதிய என்று கேட்டுவிட வேண்டும், கனவில்கூடக் கேட்க முடிவதில்லை.

சுடலை டீயை நீட்டியபடி, என்ன சார்வாள், பொத்தான ஒண்ணு மாத்திப் போட்டிருக்கிய, பொண்ணு பாக்கவா கிளம்பிட்டிய என்றான், அப்பா குனிந்து பார்த்துச் சிரித்தார், பதினெட்டு நாளில் முதல் சிரிப்பு, கண்ணாடித் தம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சிரிக்கிறார், நானும் சிரிக்கிறேன், அப்போதுதான் மதுரை பஸ் சதுக்கத்தைச் சுற்றித் திரும்புகிறது, ஜன்னலோரம் அக்கா, அவள் எங்களைப் பார்த்தாள், டீயைப் பார்த்தாள், சிரிப்பைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் ஓடினேன், இன்னும் தூக்கத்தில் ஓடுகிறேன், ஓட ஓடச் சதுக்கம் பெரிதாகிறது. திரும்பி வந்தபோது அப்பா ஒரு பொத்தான் திறந்தபடியே நின்றார், மணி தப்பா ஓடுதா சுடலை என்று கேட்டுக்கொண்டிருந்தார். இல்ல சார்வாள், காலைலதான் மெட்ராஸ்காரன் வந்து சரியாக்கிட்டுப் போனான், ஊரே குழம்பிப் போயி அலையுது.

ஏழு கடிதங்கள் எழுதினோம், ஏழும் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தன. அதன் பிறகு பொத்தான்களை இரண்டு தரம் தடவிப் பார்க்காமல் அப்பா வீதியில் இறங்கியதில்லை, மணிக்கூண்டை ஏறிட்டுப் பார்க்காமலே செத்துப்போனார். கடிகாரத்தோடு இசக்கிராசு ஒரு சீட்டு வைத்திருந்தார், தினமும் காலையில் அவளே சாவி கொடுப்பாள், பிள்ளைகளைக்கூடத் தொட விடமாட்டாள்.

செல்போன் கடைக்காரரிடம் கேட்கிறேன், மணி ஓடலையா. அது நின்னு அஞ்சு வருசம் ஆகுது மேடம், யாருக்கு வேணும், எல்லார் கையிலயும்தான் மணி இருக்கே. அப்பாவின் கடிகாரத்தை எடுத்துச் சாவி கொடுக்கிறேன், ஓடுகிறது, நேரம் வைக்கப் பழக்கத்தில் அண்ணாந்து பார்க்கிறேன், எட்டே முக்கால், அதற்குள் மனம் இருபதைக் கழித்துவிட்டது, எட்டு இருபத்தைந்து என்று முள்ளைத் திருகி வைக்கிறேன். மேலே புறா முள்ளுக்கும் சுவருக்கும் நடுவே குச்சிகளை அடுக்கிக் கூடு கட்டியிருக்கிறது, முள் இனி நிமிராது, கால்கள் வழுக்காது. இது விழாதுக்கா என்று சொல்கிறேன், முதல்முறையாகப் பந்தயத்தில் நான் ஜெயிக்கிறேன்.