மேலெழுதிய விதிகள்

பெலிக்ஸும் அவன் மனைவி ஷர்லியும் அன்னவாசலிலிருந்து ஒரே பைக்கில் புதுக்கோட்டைக்கு வேலைக்குப் போய்வந்தார்கள். வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்குப் பக்கங்களை வடிவமைத்துக் கொடுக்கும் சின்னக் கம்பெனி அது. புத்தகம் எக்ஸ்.எம்.எல். ஃபைலாக வரும். தலைப்பு எங்கே நிற்க வேண்டும், அட்டவணை எப்படி விழ வேண்டும் என்ற விதிகளை எக்ஸ்.எஸ்.எல்.டி. ஸ்டைல்ஷீட்டில் எழுதிவைத்தால் பக்கங்கள் தாமாக உருவாகிவிடும். பள்ளிப் பாடநூல்களுக்கான அப்ளிகேஷன் பெலிக்ஸுடையது. மருத்துவ இதழ்கள் ஷர்லிக்கு, வினாத்தாள்கள் உடன் வேலைபார்க்கும் ரகுநாத்துக்கு.

மூன்றிலும் பாதி விதிகள் ஒன்றேதான். ஒருவர் திருத்துவதை இன்னொருவர் மறந்துவிடுவார். “பொதுவா இருக்குறதையெல்லாம் ஒரே ஃபைல்ல வைங்க. மூணு அப்ளிகேஷனும் அதை இன்க்ளூட் பண்ணிக்கட்டும்” என்றார் டீம் லீடர் பிரகதீஸ்வரி. மூவர் எழுதியதையும் பார்த்துவிட்டு ஷர்லியுடையதைப் பொது ஃபைலாகத் தேர்ந்தெடுத்தார்.

பெலிக்ஸும் கைதட்டினான். தட்டும்போதே நெஞ்சு எரிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவளை இங்கே சேர்த்துவிட்டதே அவன்தான். முதல் டெம்ப்ளேட் எழுதச் சொல்லிக்கொடுத்தவனும் அவன்தான். இப்போது எதைக் கேட்டாலும் ரகுநாத், “ஷர்லிக்கா ஃபைல்ல இருக்குண்ணே, பாருங்க” என்கிறான்.

வீட்டில் அது வேறு விதமாக வெளிவந்தது. மீன்குழம்பில் புளி தூக்கல் என்றான். அவள் போனில் சிரித்துப் பேசினால் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

ஆபீசில் அவன் அந்தப் பொது ஃபைலை இன்க்ளூட் செய்யவில்லை, இம்போர்ட் செய்தான். இன்க்ளூட் செய்திருந்தால் அவள் விதிகளும் அவன் விதிகளும் சரிசமம். இம்போர்ட் செய்தால், ஒரே விஷயத்துக்கு இரண்டு விதி இருக்கும்போது அவனுடையதுதான் செல்லும். தன் பழைய விதிகளை ஒன்றுவிடாமல் கீழே ஒட்டினான். பெயருக்கு அவள் ஃபைல் உள்ளே இருந்தது. வந்த பக்கமெல்லாம் அவனுடையது. யாருக்கும் தெரியவில்லை.

மழைக்காலத்தில் ஒரு பதிப்பகம், அடிக்குறிப்பு எண்கள் ஒவ்வொரு பகுதியிலும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டது. ஷர்லி பொது ஃபைலில் ஒரே இடத்தில் மாற்றினாள். இதழும் வினாத்தாளும் சரியாக வந்தன. பாடநூல் மட்டும் பழைய எண்களோடு போய், கடுமையான மெயிலோடு திரும்பி வந்தது.

பிரகதீஸ்வரி எல்லார் முன்னாலும் ஷர்லியைத்தான் கேட்டார். “பொது ஃபைல் ஒங்க பொறுப்புதானே ஷர்லி? மாத்திட்டேன்னு சொன்னீங்களே?”

“மாத்துனேன் மேடம். ஏன் வரலன்னு பாக்குறேன்.”

அவள் முகம் சிறுத்துப்போனதைப் பார்க்க, ஒரு கணம் பெலிக்ஸுக்கு இனித்தது. அது அவனையே திடுக்கிட வைத்தது. ஆனாலும் பேசாமல் இருந்தான்.

மதியம் அவர்கள் இருவரையும் தவிர எல்லாரும் சாப்பிடப் போனார்கள். அவள் தன் விதிகளையே வரிவரியாகத் தோண்டிக்கொண்டிருந்தாள். பிறகுதான் அவனுடைய ஃபைலைத் திறந்தாள் போல. எழுந்து அவன் சீட்டுக்கு வந்தாள்.

“இம்போர்ட் போட்டு, கீழ எல்லாத்தையும் நீங்களே எழுதியிருக்கீங்க.”

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“காலைல அவங்க என்னையக் கேட்டப்ப நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?”

“சொல்லலாம்னுதான்...”

“நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொன்னா அது வீட்டுக்குள்ள வந்துரும்.”

அவன் போய்ச் சொன்னான். பிரகதீஸ்வரி திட்டவில்லை. “இன்னைக்கே அதையெல்லாம் எடுத்துட்டு இன்க்ளூட் பண்ணி அனுப்புங்க” என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம் என்றிருந்தது பெலிக்ஸுக்கு.

ஷர்லி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார, அவன் தன் விதிகளை ஒவ்வொன்றாக அழித்தான். அகலமான அட்டவணையைப் படுக்கைவாட்டில் திருப்பும் விதி வந்தபோது அவள் கையை நீட்டினாள். “இது நல்லாருக்கு. என்னோடதுல ஓரம் வெட்டுப்படுது. இதைப் பொது ஃபைல்ல போட்டுக்கவா?”

“இதையும் ஒன்னோடதாக்கணுமா?”

வார்த்தை வெளியே வந்துவிட்டது. அவள் கையை மடக்கிக்கொண்டாள். “வேணாம். ஒங்ககிட்டயே இருக்கட்டும்.”

அந்த வாரம் முழுவதும் அவள் இதழ்களின் அட்டவணைகளை ஒவ்வொன்றாகக் கையாலேயே சரிசெய்துகொண்டிருந்தாள். அவனுக்கு அது தெரிந்தது. கேட்டால் தரலாம் என்று காத்திருந்தான். அவள் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவனே அந்த விதியைப் பொது ஃபைலில் சேர்த்துவிட்டு அவள் சீட்டுக்குப் போனான். “டேபிள் ரூலப் போட்டுட்டேன். ஓட்டிப் பாரு.”

அவள் ஓட்டிப் பார்த்தாள். “டேபிள் ரெண்டாவது பக்கத்துக்குத் தாண்டுனா தலைப்பு வரி வரமாட்டேங்குது” என்றாள், ரகுநாத்துக்கும் கேட்கிற மாதிரி.

பெலிக்ஸுக்குக் காது சூடேறியது. பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, “தள்ளி உக்காரு” என்றான்.

அவள் தள்ளி உட்கார்ந்தாள். அவன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான்.